உன்னிடம் உள்ள பாதி

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

உன் மருத்துவக் கல்லூரி முத்திரையோடு கோரிக்கைத் தாள் வந்து சேர்ந்தது. ‘மதிப்பிற்குரிய தலைமை நூலகர் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்திருக்கிறாய். ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு நான் மதிப்பிற்குரியவளாகிவிட்டேன்! உன் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். நூலகர்கள் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் உன்னை மடக்கிப் பேசியது தப்புதான். பேசிய விஷயத்தில் தப்பில்லை.

அந்தக் குழந்தை மருத்துவ இதழைத் தனித்தனியாக வாங்க உன் கல்லூரிக்கும் வக்கில்லை, என் பல்கலைக்கழகத்துக்கும் வக்கில்லை. பல வருடத்துக்கு முன்பே ஒரே சந்தா போட்டு, ஜனவரி முதல் ஜூன் வரை வருவது என் அலமாரிக்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை வருவது உன் அலமாரிக்கு என்று பிரித்துக்கொண்டோம். அதனால்தான் உன் டாக்டர் கேட்ட கட்டுரை இந்த நாட்டில் ஓரிடத்திலாவது இருக்கிறது. “பாதி இதழை வச்சுக்கிட்டு பாதி நோயாளியையா பார்க்கச் சொல்ற?” என்று கூட்டத்தில் கேட்டாயே, உனக்கு இதுதான் பதில்.

பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரதி எடுக்கும் பெண் விடுப்பில் போய்விட்டாள், நானே இயந்திரத்தோடு மல்லுக்கட்டி எடுத்தேன். மருந்தளவு அட்டவணை இருக்கும் பக்கம் முதலில் மங்கலாக வந்தது. தொகுதியை நன்றாக அழுத்திப் பிடித்து மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு எண்ணும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் ஊரில் மூளைக்காய்ச்சல் என்று இங்கே செய்தித்தாளில் போட்டிருக்கிறான். யாரும் ஊருக்குள் வரவும் போகவும் கூடாதென்று பாலத்தை மூடப்போகிறார்களாமே? வேலையாக இங்கே வந்த உன் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வானொலியையே முறைத்துக்கொண்டிருக்கிறார். சுண்டுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. கோபத்தை அப்புறம் சாவகாசமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு வரி எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய தலைமை நூலகர் அவர்களுக்கு,

சரி, அக்கா. ஒரு வரி கேட்டாய், எழுதுகிறேன்.

பிரதி வந்தது. குழந்தை வார்டு டாக்டர் நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் மேசையருகிலேயே நின்றபடி அதைப் படித்தார். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து இந்தக் காய்ச்சலுக்குக் கேட்கவில்லை. மருந்துக் கிடங்கில் வேறொன்று இருக்கிறது, பெரியவர்களுக்குத்தான் இதுவரை போட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. படிக்கிற காலத்தில் இப்படியொரு கட்டுரை பார்த்த ஞாபகம் அவருக்கு. அட்டவணையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. “உங்க அக்காவுக்குக் கோயில்தான் கட்டணும்” என்றார். உனக்கு ஏற்கெனவே தலைக்கனம் போதாதா?

அன்றே ஊசி போட ஆரம்பித்துவிட்டார். பாலத்தை மூடிவிட்டார்கள். மழையில் அறுந்த தொலைபேசி, தந்திக் கம்பிகளைச் சரிசெய்ய ஆட்களை உள்ளே விடவில்லை. சுகாதாரத் துறை வேன் திங்களும் வியாழனும் வருகிறது. அதன் ஓட்டுநர்தான் எங்களுக்கு இப்போது தபால்காரர்.

மாணவர்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. வாசிப்புக்கூடத்துப் பெஞ்சுகளை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து, போன வருடத்து இதழ்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பல வருடம் முன்பு நீ எல்லா நூலகங்களுக்கும் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, எல்லா வருடமும் போலவே அட்டை, விளம்பரத் தாள் அத்தனையும் உருவி எறிந்துவிட்டுத்தான் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். ‘இடமும் மிச்சம், பசையும் மிச்சம்’ என்று எழுதியிருந்தாயே. உன் சொல்லை மீறினால் அடுத்த கூட்டத்தில் மறுபடி மாட்டிக்கொள்வேன் அல்லவா?

அக்கா, இந்த அறைக்கும் வார்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். முன்னெல்லாம் அழுகைச் சத்தம் கேட்டால் எரிச்சலாக இருக்கும். இப்போது சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ச் சுவரில் காதை வைக்கிறேன்.

சுண்டு வீட்டில்தான் இருக்கிறாள். அவள் அப்பாவிடம் சொல், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று.

நூலகர்


பிப்ரவரி 16

தங்கைக்கு,

இதைப் படித்ததும் மற்றதையெல்லாம் போட்டுவிட்டு உன் அலமாரிக்குப் போ.

உனக்கு அனுப்பிய பிரதியின் மங்கலான பக்கம் இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் தினமும் இங்கே வந்து செய்தித்தாள் படிப்பார். இன்று அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கட்டுரைக்குப் பின்னாடி ஒரு திருத்தம் போட்டாங்களே, அது எங்கம்மா?” என்றார். என்ன திருத்தம் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்கிறார். மருந்தளவா? “இருக்கலாம்.” கூடவா, குறைவா? “அது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? அதே வருஷம் கடைசியில வந்திச்சு, அது மட்டும் தெரியும்.”

வருடக் கடைசி என்றால் உன் பாதி. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வோர் இதழாகப் புரட்டிப் பார். திருத்தங்களை அவர்கள் தனிக் கட்டமாகப் போடுவார்கள், சின்ன எழுத்தில் இருக்கும். என்னிடம் கட்டுரை இருக்கிறது, உன்னிடம் அதன் திருத்தம் இருக்கிறது, நடுவில் ஒரு பாலம் மூடிக்கிடக்கிறது. இப்படி ஒன்று நடக்கும் என்று நமக்கு ஏன் தோன்றவே இல்லை?

சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு ஓடினேன். அவர்களிடம் ஒயர்லெஸ் இருக்கிறது. அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “லைப்ரரி சமாச்சாரத்துக்கெல்லாம் இது இல்லைங்க, எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் வெளியே வரும்போது அந்தத் தாளின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொல். எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லவும் பயமாக இருக்கிறது, தொடரச் சொல்லவும் பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

வேன் கிளம்புவதற்குள் எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சுண்டு வார்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கழுத்து வலிக்கிறது என்றாள். தலையணை சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் வெளிச்சம் பட்டாலே கத்தினாள். நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜன்னலோரக் கட்டில், அந்தச் சுவரை ஒட்டினாற்போல. உன் கடிதம் வருவதற்கு முன்பே அவளுக்கு ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். உன் அட்டவணைப்படிதான்.

உன் கடிதத்தை அவள் கட்டிலருகே வைத்துத்தான் படித்தேன். பக்கத்துக் கட்டில் தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, வீட்டுல யாருக்காவது ஏதாவதா?” என்று கேட்டாள். அவள் பிள்ளைக்கும் அதே ஊசிதான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

ஜூலை இல்லை. ஆகஸ்ட் இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன், விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். டிசம்பர் வரைக்கும் இல்லை. பேராசிரியருக்கு வயசாகிவிட்டது, உளறியிருக்கிறார் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு வருடக் கடைசியில் போடும் பொருளடக்கத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டுரையின் பெயருக்கு நேரே ‘திருத்தம்: அக்டோபர், பின்னட்டையின் உட்புறம்’ என்று இருந்தது.

பின்னட்டை, அக்கா. உன் சுற்றறிக்கைப்படி நான் என் கையாலேயே உருவிய பின்னட்டை. பைண்டர் வீட்டுக்குப் போனேன். உருவிய தாளையெல்லாம் பொட்டலம் மடிக்கிற கடைக்குப் போட்டுவிட்டாராம். “அதெல்லாம் எப்பவோ போயிருச்சேம்மா, இப்ப வந்து கேக்கறீங்க?” என்றார். அந்தக் கடையும் பூட்டிக்கிடக்கிறது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் நாலு நாளாகத் தூங்காத ஆள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். “இந்த மருந்தை நிறுத்தினா இந்த வார்டுல பாதிக் குழந்தைங்க போயிடும், அது எனக்குத் தெரியும். அந்தத் திருத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்காகத் தெரிஞ்சதை விட முடியாதும்மா. நான் கொடுக்கத்தான் போறேன்” என்றார். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “உங்க பொண்ணுக்கு மட்டும் நீங்க வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன். அடுத்த ஊசிக்கு முன்னாடி சொல்லிடுங்க” என்றார்.

அளவு மிதமிஞ்சிப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். அதை எழுத என் கை வரவில்லை.

அவள் அப்பா பக்கத்தில் இல்லை. நீயும் இல்லை. அடுத்த ஊசிக்கு அதிக நேரமில்லை. நான் என்ன சொல்லட்டும்? உன்னைத்தான் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் உன்னிடம் பதில் இருந்ததே.


பிப்ரவரி 20

என் கண்ணே,

உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திங்கட்கிழமை வேனில்தான் இது வரும். அதற்குள் நீ ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாய். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த இதழ் வாங்கும் நூலகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி எல்லோருக்கும் தந்தி கொடுத்திருக்கிறேன். நம்மைப்போலவே ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்ட நாடுகள்தான் சுற்றிலும். ஒருவர் அந்த வருடமே சந்தாவை நிறுத்திவிட்டாராம். இன்னொருவர் நம்மைப் பார்த்துத்தான் அட்டையைக் கிழிக்கக் கற்றுக்கொண்டார்களாம், நல்ல யோசனை என்று எனக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார். படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். இன்னும் இரண்டு இடத்திலிருந்து பதில் வரவேண்டும். பதிப்பாளருக்கும் கொடுத்திருக்கிறேன், அங்கே ஏதோ விடுமுறையாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. டாக்டர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு கட்டுரைக்கு மெனக்கெட்டுத் திருத்தம் போடுகிறார்கள் என்றால் சும்மா போடுவார்களா? அட்டவணையில் கைவைக்காமல் வேறெதற்குப் போடப்போகிறார்கள்? அந்த எண்களை நானே அழுத்திப் பிடித்து, பளிச்சென்று எடுத்து அனுப்பினேன். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. அந்த எண்கள்தான் இப்போது சுண்டுவின் உடம்புக்குள் போகின்றன.

என் பிள்ளையாக இருந்தால் நான் நிறுத்திவிடுவேன். பதில் வரும்வரைக்கும் மட்டும் நிறுத்திவைப்பேன்.

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றும் இருக்கிறது. கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால், திங்கட்கிழமைக்கான கடிதங்களை இப்போதே வாங்கிக்கொண்டு போக வேன்காரர் வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரருக்கு நேற்று எல்லாம் தெரிந்துவிட்டது. பாலத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா


பிப்ரவரி 25

அடியே,

ஒன்றுமில்லை! ஒன்றுமே இல்லை! முதலில் டாக்டரைக் கூப்பிட்டு இந்த வரியைக் காட்டு: அட்டவணை சரி, அளவு சரி, ஊசியைத் தொடரலாம்.

பதில் வந்துவிட்டது. நம்மைவிடச் சின்ன நாடு, சின்னக் கல்லூரி. பைண்டிங் பண்ண வசதியில்லாமல் இதழ்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களாம். அதனால் அட்டை, விளம்பரம், பால்மாவு டப்பாப் படம் எல்லாம் அப்படி அப்படியே இருக்கிறது. அந்த நூலகர் அக்டோபர் பின்னட்டையைத் தேடியெடுத்து, திருத்தத்தை முழுக்கத் தந்தியில் அடித்து அனுப்பியிருக்கிறார். என்ன திருத்தம் தெரியுமா? கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயர் தவறாக அச்சாகியிருந்ததாம். அதற்கு வருந்துகிறார்களாம்! நாம் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அந்த மனுஷனுக்குத் தன் ஆஸ்பத்திரிப் பெயர் சரியாக வரவில்லையாம்!

படித்துவிட்டு அலுவலகத்திலேயே சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். பேராசிரியர் நாளைக்கு வரட்டும், அவருக்கு இருக்கிறது.

நான் முன்னால் எழுதியது கிடைத்திருந்தால் கிழித்துப் போடு. டாக்டர் சொன்னதுதான் சரி. நீ எப்போதும் என் பேச்சைக் கேட்டதே இல்லை, இந்தத் தடவையும் கேட்டிருக்க மாட்டாய் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வியாழன்வரை காத்திருக்க முடியாது. சுகாதார அதிகாரியின் மேசை முன்னால் நின்று நான் போட்ட சத்தத்தில் இன்றைக்கே ஒரு வண்டி அனுப்புகிறார். சுண்டுவுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

பாலம் திறந்துவிட்டது. அவர் வந்து சேர்ந்துவிட்டார். ஏன் பதிலே இல்லை என்று நீ அவரிடம் கேட்டு அனுப்பியிருந்தாய். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

அன்றைக்கு அடுத்த ஊசிக்கு டாக்டர் வந்தபோது, “என் பொண்ணுக்கு மட்டும் வேணாம்” என்று சொன்னேன். பக்கத்துக் கட்டில் தாய் என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் பிள்ளைக்குப் போட்டார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளும் வேண்டாம் என்றேன். அதற்கடுத்த நாள் மற்றக் குழந்தைகளின் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. சுண்டுவுக்கு ஏறியது. “போட்டுடலாம்மா, சொல்லுங்க” என்று டாக்டர் கெஞ்சினார். திங்கட்கிழமை காலை மனம் மாறிவிட்டது. அவரைக் கூப்பிட எழுந்தேன். அப்போதுதான் வேன் வந்தது. உன் கடிதத்தைப் பிரித்தேன், ‘என் பிள்ளையாக இருந்தால்’ என்று எழுதியிருந்தாய். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு ஆறுதலாக இருந்தது. முதல் தடவையாக நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம் என்று.

உன் அடுத்த கடிதம் வண்டியில் வந்தவுடனே போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ பயந்துபோய் எழுதினாய், நான் பயந்துபோய்க் கேட்டேன். கொடுக்காதீங்க என்று என் வாயால்தான் சொன்னேன். இந்தக் காய்ச்சலே சில குழந்தைகளை இப்படிச் செய்துவிடும், ஊசி போட்டிருந்தாலும் ஆகியிருக்கலாம் என்கிறார் டாக்டர். நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில் பிள்ளை நடந்தே வீட்டுக்குப் போனான். போகும்போது அவன் அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தான்.

நான் சுண்டுவைப் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன். கரண்டியைத் தட்டிப் பார்க்கிறேன், கதவை அறைந்து பார்க்கிறேன். நேற்று அவர் தாங்காமல் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

பங்கு போடுவதை நிறுத்திவிடலாம் என்று நீ மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக அவர் சொன்னார். எழுதாதே. அந்தக் கட்டுரை உன்னிடம் இல்லாமல் போயிருந்தால் இந்த வார்டில் யாருமே வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். அட்டையை மட்டும் இனி யாரும் கிழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

அவளுக்கு இன்னும் புரியவில்லை, அக்கா. நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலை தலை வாரிவிடும்போது என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “போதும்மா, சும்மா வாயை அசைக்காத. சத்தமா சொல்லு” என்றாள்.

தங்கை